இடிக்காமல் நகர்ந்த சுவர்: ஒரே வீட்டில் 11 ஆண்டுகள்

வீடு கட்டி முடித்த கையோடு எழுதப்படும் அனுபவக் குறிப்புகளை நான் நம்புவதில்லை. பெயின்ட் வாசனை போவதற்குள் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். (அந்த வாசனையே ஒரு பிரச்சினை, அதைப் பிறகு சொல்கிறேன்.) நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. வரும்போது நானும் மனைவியும் ஒரு கைக்குழந்தையும்தான். நடுவில் இரண்டாவது மகள் பிறந்தாள். அம்மா எங்களோடு வந்து சேர்ந்தார். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்து 7 மாதம் சக்கர நாற்காலியில் இருந்தார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தேன். வெளிச்சுவர்கள் அப்படியே நிற்கின்றன. உள்ளே மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

வரைபடம் போடும்போதே எஞ்சினியரிடம் மூன்று விஷயம் சொல்லியிருந்தோம். குடியிருப்பவர் உடம்புக்குக் கெடுதல் கூடாது. சிமென்ட், மின்சாரம், தண்ணீர் எதுவும் தேவைக்கு மேல் போகக் கூடாது. எங்கள் தேவை மாறினால் வீடும் மாற வேண்டும். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதற்கு, "பின்னால என்ன தேவைப்படும்னு இப்பவே சொல்லிடுங்க, போட்டுடலாம்" என்றார். அதுதானே தெரியாது!

நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஜான் ஹாப்ராக்கன் 1961-லேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். பெருமளவில் கட்டப்படும் குடியிருப்புகளை மனத்தில் வைத்துச் சொன்னது அது: தாங்கி நிற்கும் உடல் வேறு, உள்ளே நிரப்புவது வேறு என்று பிரித்துவிட வேண்டும். தூண், உத்தரம், தளம் நெடுங்காலம் நிற்கட்டும், அறைத் தடுப்புகள் குடியிருப்பவர் விருப்பத்துக்கு மாறட்டும். தனி வீட்டுக்கும் இது பொருந்தும் என்பதை இங்கே வாழ்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எடை முழுவதும் தூண்களில் இறங்குகிறது, உள்ளே இருக்கும் இரண்டு தடுப்புகளும் எதையும் தாங்கவில்லை. அதில் ஒன்றைக் கழற்றி 4 அடி நகர்த்தி அம்மாவுக்கு அறை பெரிதாக்க இரண்டு நாள்தான் ஆனது. தூசி இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு செங்கல் உடையவில்லை.

தடுப்பை விடவும் பெரிய விஷயம் குழாய். பின்பக்கக் கழிவறையின் குழாய்கள் எல்லாம் ஒரு டக்ட் (குழாய்களுக்கென்றே விட்ட செங்குத்துப் பாதை) வழியாக இறங்குகின்றன, அதற்கு ஆள் நுழையும் கதவு உண்டு. முன்பக்கக் கழிவறையில் "அழகா இருக்கும்" என்று நானே பிடிவாதம் பிடித்துக் குழாயைச் சுவருக்குள் புதைத்தேன். 6-ஆம் ஆண்டு இரண்டிலும் கசிவு வந்தது. பின்பக்கம் அரை மணி நேர வேலை. முன்பக்கம் எங்கே கசிகிறது என்று தெரியாமல் மூன்று இடத்தில் டைல்ஸை உடைத்தோம். அந்த டைல்ஸ் இப்போது யாரும் செய்வதில்லை. நிறம் மாறிய ஒட்டு இன்றும் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, பல் துலக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். வயரும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பிற்பாடு எந்த எலக்ட்ரீஷியனுக்கும் நினைவிருக்காது.

அம்மா விழுந்த வருடம்தான் வீட்டுக்கு உண்மையான பரீட்சை. கதவுகளை 900 மில்லிமீட்டர் வைத்திருந்தோம், நாற்காலி தாராளமாக நுழைந்தது. கழிவறைக்கு வாசற்படி இல்லை, தண்ணீர் வெளியே வராதபடி தரைச் சரிவு மட்டும்தான். சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப 1.5 மீட்டர் இடம் வேண்டும், அதுவும் இருந்தது. நடுவில் ஓட்டை உள்ள ஹாலோ பிளாக் கற்களால் கட்டிய சுவரில் கைப்பிடிக் கம்பி உறுதியாகப் பிடிக்காது என்பதால், கம்பி வரக்கூடிய வரிசைகளில் மட்டும் கட்டும்போதே கான்கிரீட் நிரப்பச் சொல்லியிருந்தோம். கம்பி மாட்ட ஒரு காலைப் பொழுது போதுமானதாக இருந்தது. பிளக் பாயின்டுகள் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்ததால் அம்மா குனியாமல் செருகினார்.

ஆனால் கழிவறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. அதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு நாள் அம்மா உள்ளே சறுக்கி, கதவின் மேலேயே சாய்ந்துவிட்டார். எங்களால் தள்ளித் திறக்க முடியவில்லை. நல்ல வேளையாக அவரே கொஞ்சம் நகர்ந்தார். மறுநாளே கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். இதையெல்லாம் முதியவர்களுக்கான ஏற்பாடு என்று தனியாக ஒதுக்கி வைப்பவர்கள், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் இருந்து பார்க்கலாம்.

அப்புறம் காற்று. பெயின்ட் வாசனை சில வாரங்களில் அடங்கியது. அடங்காதது எம்.டி.எஃப். பலகையில் (மர இழைகளைப் பசை சேர்த்து அழுத்திய பலகை) செய்த அலமாரி. அதன் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற கண்ணை எரிக்கும் வாயு மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும், சூடும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் அதிகமாக வரும். மூடிக் கிடந்த அறையைத் திறந்தால் கண் எரியும். வாசனை பழகிவிட்டதால் தீர்ந்துவிட்டது என்று முதல் வருடம் நினைத்துக்கொண்டோம். பின்னால் ஆசாரியைக் கூப்பிட்டு, வெட்டிய விளிம்புகளையும் பூச்சுப் படாத அடிப்பக்கத்தையும் அடைத்த பிறகுதான் குறைந்தது. இன்று செய்வதாக இருந்தால் முழு மரம் அல்லது இரும்பு, அதுவும் முடியாவிட்டால் வெளியேற்றம் குறைந்த தரம் என்று சான்று உள்ள பலகை மட்டும்தான்.

4-ஆம் ஆண்டு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கினேன். வெளிக்காற்றில் 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் இருப்பது, மூன்று பேர் கதவடைத்துத் தூங்கிய எங்கள் படுக்கையறையில் விடியும்போது 2,300 காட்டியது. ஏசி ஓடினால் காற்று மாறுகிறது என்று நம்பியிருந்தோம். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, வெளிக்காற்றை எடுப்பதில்லை. கதவுக்கு மேலிருந்த, அடைத்தே வைத்திருந்த வென்டிலேட்டரைத் திறந்து, எதிர்ச்சுவர் ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி விட்டோம். மறுநாள் காலை 900. காலையில் வரும் தலைபாரமும் போனது. வேறு காரணமும் இருந்திருக்கலாம், எனக்கு இதுதான் காரணமாகப் படுகிறது. மின்கட்டணம் கொஞ்சம் கூடியது உண்மை.

சமையலறைப் புகைபோக்கி வெளியே குழாய் விட்ட வகையாக இருக்கட்டும். எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் வடிகட்டி, காற்றை உள்ளேயே திருப்பி விடும் வகை எங்களிடம் முதலில் இருந்தது. அடுப்பு வாயுவும் நீராவியும் அதில் நிற்கவே நிற்காது.

இரண்டு அறைகளுக்கு உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இறுகுகிறது, ஈரத்தை வாங்கி மெதுவாகத் திருப்பி விடுகிறது. புதுப் பூச்சின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. அந்த அறைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு மூலையைத் தவிர. அங்கே விரிசல் விட்டபோது வந்தவர் சிமென்டால் அடைத்துவிட்டுப் போனார். ஈரம் அந்தத் துண்டைத் தாண்ட முடியாமல் சுற்றியுள்ள சுண்ணாம்பை உதிர்த்தது. அதே காரணத்தால் சுண்ணாம்புப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயின்டும் ஆகாது. பூஞ்சை வந்தது வேறொரு அறையில், வெளிச்சுவரோடு ஒட்டி வைத்த பீரோவுக்குப் பின்னால். பீரோவைக் கையளவு முன்னால் நகர்த்தியதோடு சரி.

வெயில் விஷயத்தில் நாங்கள் ஏமாந்தது மேற்கு ஜன்னலில். சன்ஷேட் போட்டால் போதும் என்று நினைத்தோம். உச்சி வெயிலுக்கு அது போதும், சாய்ந்து வரும் மாலை வெயில் அதற்கு அடியில் புகுந்து நேராகக் கட்டிலுக்கு வந்துவிடும். தடித்த திரை போட்டும் பலனில்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூட்டைத் திரை அறைக்குள்ளேயேதான் வைத்திருக்கும். 3-ஆம் ஆண்டு வெளிப்பக்கம் நகர்த்தக்கூடிய மரச் சட்டத் தட்டி போட்டோம். கண்ணாடியைத் தொட்டால் வித்தியாசம் தெரிகிறது. மொட்டை மாடிக்கு அடித்த வெள்ளைப் பூச்சும் நல்லதுதான், ஆண்டுக்கு ஒரு முறை கழுவாவிட்டால் அழுக்கேறி வெள்ளையின் பலன் போய்விடும். சோலார் பேனல்கள் நன்றாக ஓடுகின்றன, இன்வர்ட்டர் மட்டும் 8-ஆம் ஆண்டு போய்விட்டது.

இந்தப் பொருள்களையெல்லாம் விடச் சுற்றுச்சூழலுக்கு நாங்கள் செய்த உருப்படியான காரியம், முதல் வரைபடத்திலிருந்து ஓர் அறையை வெட்டியது என்று இப்போது நினைக்கிறேன். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. கட்டாத அறைக்கு சிமென்டும் வேண்டாம், குளிரூட்டவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். தடுப்பு நகரும் என்ற தைரியம் இருந்ததால்தான் அந்த அறையை விட மனசு வந்தது.

ஒரே மனக்குறை, சத்தம். கழற்றும் தடுப்பு என்றால் உள்ளே காலியாக இருக்கும். என் அலுவலகக் கூட்டத்தில் யார் யாரைத் திட்டினார்கள் என்று பெரியவள் சாப்பிடும்போது சொல்வாள். உள்ளே ராக்வுல் (சத்தத்தைக் குறைக்கும் பாறை இழை) அடைத்தோம், பாதிதான் குறைந்தது. தடுப்புக்கும் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள விரலளவு இடுக்கு வழியாகத்தான் மீதிச் சத்தம் வருகிறது என்று பிறகு கண்டுபிடித்தோம்.

இப்போது சின்னவள் தனி அறை கேட்கிறாள். அடுத்த மாதம் அந்தத் தடுப்பு மறுபடி நகர்கிறது, இந்த முறை என் பக்கமாக, என் மேசையிலிருந்து 3 அடியைப் பிடுங்கிக்கொண்டு. அதற்குள் அந்த இடுக்கை ஒழுங்காக அடைத்துத் தர ஆள் பார்க்க வேண்டும்.