முறிகண்டியில் எந்தக் கடையில் கச்சான் வாங்குவது?

இலங்கையின் வடக்கே மாங்குளத்தைத் தாண்டிக் கிளிநொச்சிப் பக்கம் போகும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரிடம் சொல்லிக்கொள்ளாமல் போவது அபூர்வம். ஒரு தேங்காய், ஒரு கட்டி கற்பூரம், நெற்றியில் திருநீறு, பிறகு கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு சரை கச்சான், அதாவது நிலக்கடலை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் இதுதான் ஒழுங்கு. நயினாதீவு விகாரைக்குப் போகிற தென்பகுதி யாத்திரை பஸ்களும் நின்றுதான் போகின்றன. நான் வாடகை வான் ஓட்டுகிறவன். வெளிநாட்டிலிருந்து வந்து என் வானில் ஏறுகிறவர்கள் தேங்காய் உடைத்த கையோடு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இத்தனை கடையில் எந்தக் கடை நல்லது?

கூவி அழைக்காத கடை என்பது என் பதில். வரிசையின் ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் ஓர் அடுப்பு, ஒரு தாச்சிச் சட்டி, ஒரு மேசை. பெயர்ப்பலகை கிடையாது. தலை பாதி நரைத்த ஓர் அக்கா இருப்பார். வாகனம் நின்றதும் ஓடி வந்து கண்ணாடியில் தட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. வேண்டியவர்கள் இறங்கிப் போக வேண்டும்.

கச்சான் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கத்து மேட்டுநிலத்தில் விளைந்தது. பருப்பு சிறிது, ஆனால் மென்றால் எண்ணெய் ஊறும். தாச்சியில் குறுமணலைக் காய வைத்து, கச்சானை அதற்குள் கொட்டி, அகப்பையை எடுக்காமல் கிளறுவார். மணலின் சூடு சுற்றிவரப் பிடிப்பதால் கோது கருகாமல் பருப்பு வறுபடும். நேரம் பார்ப்பதில்லை. ஒன்றை எடுத்து உடைத்து, பருப்பைப் பெருவிரலால் தேய்ப்பார். சிவப்புத் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றால் பதம் சரி. ஒட்டி நின்றால் அகப்பை மறுபடி இறங்கும். பிறகு அரிதட்டில் மணலை அரித்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் சரை சுற்றித் தருவார். சரை பெரும்பாலும் பழைய பரீட்சைத் தாள். போன முறை எனக்கு வந்த சரையில் யாரோ ஒரு பிள்ளை பின்னக் கணக்கில் 10க்கு 4 எடுத்திருந்தது.

சுவைக்கு முத்தையன்கட்டு மண் மட்டும் காரணமில்லை. அக்கா ஒரு நாளைக்கு வறுக்கும் அளவுதான் காரணம். சில கடைகளில் மூட்டைக் கணக்கில் வறுத்துப் பொலித்தீன் பையில் கட்டி வைப்பார்கள். நாளைக்கு வாகனம் வருமோ வராதோ, வருகிற அன்று எல்லாரையும் பிடித்துவிட வேண்டும் என்ற பயம். விற்காமல் மிஞ்சியது மறுநாள் புதியதோடு கலக்கும். மழைக்காலமாக இருந்தால் நமுத்துப்போய், வாயில் போட்டால் மரத்தூளைத் தின்பதுபோல் இருக்கும். அந்தப் பயத்தை நான் பழிக்க மாட்டேன். இந்த வீதியில் பிழைக்கிறவர்களுக்கு அது காரணமில்லாமல் வந்ததல்ல. அக்கா மட்டும் காலையில் அடுப்புக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டு ஒரு வாளி கச்சானை எடுத்து வைப்பார். "இன்றைக்குப் பிள்ளையார் இவ்வளவு படியளப்பார், தம்பி." வாளி முடிந்தால் வறுப்பும் முடிந்தது. நாளைக்கானதை இன்றைக்கு வறுப்பதே இல்லை. அதனால்தான் அங்கே பழைய கச்சான் கிடையாது.

இப்படிச் சொல்கிறவர் சுகமாக வாழ்ந்தவரில்லை. 2006 ஓகஸ்டில் போரால் ஏ9 மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்கான போக்குவரத்தோடு அவருடைய வியாபாரமும் நின்றது. பிறகு இடப்பெயர்வு, 2009இல் செட்டிக்குளம் அகதி முகாம், மீள்குடியேற்றம், மறுபடி அதே தாச்சி. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் முறை வருவதற்கு முன்பு என் வான் எரிபொருள் வரிசையிலேயே கிடந்தது. வானுக்கான லீசிங் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது. அந்த நாட்களில் ஒருமுறை கிடைத்த டீசலோடு நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு போனேன். வீதி வெறிச்சென்று கிடந்தது. அக்கா அடுப்பு மூட்டியிருந்தார்.

"யாருக்கு அக்கா வறுக்கிறீர்கள்? பிள்ளையாருடைய வாகனத்துக்கு மட்டும்தான் இப்போது எரிபொருள் வேண்டாம்" என்றேன்.

சிரித்தார். "அவர் ஆள் அனுப்பினால் விற்பேன். அனுப்பாவிட்டால் நாங்களே தின்போம்." அன்றைக்கு வாளியில் பாதிதான் எடுத்திருந்தார் என்பதையும் கவனித்தேன். சைக்கிளில் போகிறவர்கள் வாங்கினார்கள். மிச்சம் வீட்டுக்குப் போயிருக்கும்.

எனக்கு இதில் வழக்கு உண்டு. தவணைக்காரனிடம் போய்ப் பிள்ளையார் படியளப்பார் என்று சொல்ல முடியாது. அதோடு, அக்காவின் வளவில் மரவள்ளி நின்றது, முருங்கை நின்றது, நாலைந்து கோழிகளும் நின்றன. அந்த ஆண்டு வன்னியில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது மரவள்ளியால்தான். அதையும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். மரவள்ளியை நட்டது நீங்கள், புகழ் மட்டும் பிள்ளையாருக்கா?

"நட்டது நான். மழை?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை, கச்சான் உடைத்தேன்.

அவருடைய நம்பிக்கையில் எனக்குப் பிடித்த பகுதி, கடன் வாங்காததுதான். வீடு தேடி வந்து நுண்கடன் கொடுத்தவர்களிடம் எங்கள் பக்கத்துப் பெண்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். வாரத் தவணை கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் நிலைமை விளங்கும். அக்காவிடமும் வந்து கேட்டார்களாம்: பெரிய கடையாகப் போடலாம், கண்ணாடி அலுமாரி வைக்கலாம் என்று. "பிள்ளையாரிடம் கேட்டால் வட்டி இல்லை" என்று அனுப்பிவிட்டாராம். கண்ணாடி அலுமாரி இன்றைக்கும் இல்லை. கச்சான் விலையில் யாருடைய வட்டியும் இல்லை. சரை 100 ரூபா. நிறைய நிரப்பித் தருவார். கைக்குழந்தையோடு போனால் மேலே ஒரு பிடி வைப்பார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மதியம் 2 மணிக்குப் பிறகு போனால் வெறும் வாளியைத்தான் பார்க்கலாம். கொழும்பிலிருந்து காலையில் புறப்பட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கடை கிட்டுவது கடினம். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இன்னும் அரை வாளி வறுத்தால் என்ன என்று. அசைய மாட்டார். பிள்ளையார் அனுப்புகிற ஆட்களில் பின்னேரம் வருகிறவர்களும் இருப்பார்கள் என்பது என் வாதம். அவரும் அதை மறுப்பதில்லை, வறுப்பதும் இல்லை. 5,000 ரூபாத் தாளை நீட்டினால் சில்லறைக்காகக் கடை கடையாக அலைய வேண்டும். எள்ளுருண்டை, பனங்கட்டி வேண்டுமென்றால் வேறு கடைதான். உப்புப் போட்டு அவித்த கச்சான் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இருக்கும். வறுத்ததைவிட எனக்கு அதுதான் விருப்பம், ஆனால் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை வைத்திருக்க முடியாது, புளித்துவிடும்.

வடக்கே போகிறவர்கள் வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டுப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்கவும். பஸ்கள் நிற்க வரும்போதும் வேகமாகத்தான் வருகின்றன. காசைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கடன் கிடையாது. எனக்கே கொடுத்ததில்லை.