ஸ்டெப்னி குழியில் முளைத்த நெல்: பின் கண்ணாடி மாற்றி ஒன்றரை வருடம்

போன வாரம் திருத்துறைப்பூண்டியிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். வண்டியின் பின் கண்ணாடி நொறுங்கிவிட்டதாம்.

"அண்ணே, இங்கயே ஒருத்தர் ரெண்டு மணி நேரத்துல மாட்டித் தர்றேங்கிறாரு. சாயங்காலமே எடுத்துக்கலாமாம். விட்டுடவா?"

"என்ன பசை போடுறாருன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. 2023-ல் நானும் கேட்கவில்லை. கண்ணாடி கம்பெனி ஐட்டமா, டூப்ளிகேட்டா, விலை என்ன என்று அரை மணி நேரம் குடைந்தேன். அது எதில் ஒட்டி நிற்கப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. தம்பியிடம் போனில் சொன்னது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

வண்டி 2015 ஸ்விஃப்ட் டீசல், டாப் மாடல். அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2023 செப்டம்பரில் முத்துப்பேட்டை ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தியிருந்தேன். உள்ளே புல் வெட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெறித்த கல் சுண்டைக்காய் அளவுகூட இருக்காது. முன் கண்ணாடியில் பட்டிருந்தால் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசலோடு நின்றிருக்கும், அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டைக் கண்ணாடி. பின் கண்ணாடி அப்படியில்லை. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய ஒற்றைக் கண்ணாடி. ஓரிடத்தில் விட்டால் மொத்தமும் விட்டது. டிக்கி முழுக்கக் கற்கண்டைக் கொட்டிய மாதிரி கிடந்தது. இன்றைக்கும் பின் சீட் பெல்ட் கொக்கியின் இடுக்கிலிருந்து எப்போதாவது ஒரு சில்லு வருகிறது.

இன்ஷூரன்ஸ் பக்கம் போகவில்லை. கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் நம் கைக்காசு ஆயிரம் போக மீதிதான் வரும், அதோடு கிளைம் கேட்காமல் இருந்து சேர்த்து வைத்த 50 சதவீத பிரீமியத் தள்ளுபடியும் (நோ கிளைம் போனஸ்) போய்விடும். கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகவில்லை.

பக்கத்திலேயே ஒரு கடை. அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தார். வாக்குவம் இல்லை என்று உட்கார்ந்து சில்லுகளைக் கையால் பொறுக்கினார். கண்ணாடி, கூலி எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் வண்டி கையில். ஓட்டிக்கொண்டு வரும்போது உள்ளே புளிச்ச காடி வாடை அடித்தது. புதுப் பசை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் சம்பா விதைப்புக்கு சிஆர் 1009 விதை நெல் டிக்கியில் வைத்துக் கொண்டு வந்தோம். மூட்டையின் மூலையில் சின்ன ஓட்டை. கொஞ்சம் சிந்தியிருக்கும், பெருக்கியும் விட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. இரண்டு வாரத்தில் வண்டிக்குள் ஈரச்சாக்கு நாற்றம். ஏசி வடிகுழாய் அடைப்பு என்றார் மெக்கானிக். அதைச் சுத்தம் செய்தோம். முன் பக்கத்துக் கார்ப்பெட்டைக் கழற்றி வெயிலில் போட்டோம், அதற்கு எங்கே வெயில்? நாற்றம் போகவில்லை. கார்த்திகையில் ஒருநாள் பஞ்சர். ஸ்டெப்னி எடுக்க டிக்கி அட்டையைத் தூக்கினேன்.

குழிக்குள் நான்கு விரல் தண்ணீர். அதன் விளிம்பில், ஸ்டெப்னி டயருக்கும் தகரத்துக்கும் நடுவே, நெல் முளைத்திருந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி. வெளிச்சம் படாமல் வெளுத்து, மஞ்சள் நூல் மாதிரி, விரல் நீளத்துக்கு. ஜாக்கி ராடு முழுக்கத் துரு. நாற்றங்காலில் பார்க்க வேண்டியதை என் வண்டிக்குள் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்க, மகளை டார்ச்சோடு டிக்கிக்குள் உட்காரவைத்து, வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாகக் கீழிருந்து மேலே மெதுவாகக் காட்டினேன். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், உண்மையான ஓட்டை தெரியாது. இடது மேல் மூலை. "அப்பா, முத்து முத்தா வருதுப்பா" என்றாள். உட்பக்கப் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னாலேயே இறங்கி, டிக்கிக் கதவின் அடியில் சொட்டி, குழிக்குப் போயிருக்கிறது.

தஞ்சாவூரில் கார் கண்ணாடி மட்டுமே பார்க்கிற ஒருவரிடம் டிசம்பரில் கொண்டுபோனேன். அவர் ஓரத்தை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்து, "சிலிகான் அடிச்சிருக்காங்க சார்" என்றார். ஒட்டின கண்ணாடியை எடுக்க, இரண்டு பக்கமும் பிடித்துக் கம்பியால் பசையை அறுப்பார்கள். அவரும் கம்பியை எடுத்து வைத்தார். பிறகு, "வெளிய நின்னு பிடிச்சுக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு டிக்கிக்குள் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினார். கீழ் ஓரம் அப்படியே உரிந்து வந்தது. கம்பியே தேவைப்படவில்லை.

அந்தக் கண்ணாடியோடு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன். நாகப்பட்டினம் ரோட்டில் 90-ல் போயிருக்கிறேன். அது கழன்று விழுந்து பின்னால் ஒரு டூவீலர் வந்திருந்தால்? இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அவர் செய்ததை ஒன்றுவிடாமல் பார்த்தேன். முதலில் சிலிகானைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டினார், அதற்கே ஒன்றரை மணி நேரம். சிலிகான் படிந்த இடத்தில், கார் கண்ணாடி ஒட்டுகிற யூரிதேன் பசை பிடிக்காது. புளிப்பு வாடை அடிக்கிற சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும், பெயின்ட் கீறின இடத்தில் அது தகரத்தைத் தின்னும். என் வண்டியில் ஒரு சாண் நீளத்துக்குத் தின்றிருந்தது. துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, காயவிட்டார். கண்ணாடி ஓரத்துக் கறுப்புப் பட்டையிலும் தனியாகப் பிரைமர். அந்தக் கறுப்புப் பட்டை அழகுக்கு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வெயில் நேரே பட்டால் பசை நாளடைவில் நைந்துவிடும், அதை மறைக்கத்தான் அது. பிறகு பசை பீய்ச்சுகிற கன்னில் 'வி' வெட்டுப் போட்ட மூக்கு மாட்டி, முக்கோண வரப்பு மாதிரி ஒரே சீராக, கையை எடுக்காமல் சுற்றி வந்தார். வரப்பு எங்கேயும் அறுபடக்கூடாதாம். கண்ணாடியை வைத்து அமுக்கி, டேப் ஒட்டினார்.

ஒரு சந்தேகம் கேட்டேன். இந்த ஈரக்காற்றில் பசை காயுமா? காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துத்தான் யூரிதேன் இறுகுகிறது, நம் ஊர்க் காற்று அதற்கு நல்லதுதான் என்றார். ஒட்டுகிற பரப்பில் ஈரம் இருந்தால்தான் கெடுதல். அதனால் மழைநாளில் வெளியில் வைத்து வேலை செய்ய மாட்டார். வண்டியை அன்று ராத்திரி அங்கேயே விடச் சொன்னார். மறுநாள் வரை கதவை ஓங்கிச் சாத்தக்கூடாது, ஒரு ஜன்னல் ஒரு இஞ்ச் இறங்கியே இருக்கட்டும் என்றார். கதவு சாத்தும்போது உள்ளே அமுங்குகிற காற்று இன்னும் இறுகாத பசையைத் தள்ளிவிடும். அதே கண்ணாடியையே போட்டதால் 3,500 ரூபாயோடு முடிந்தது.

அதன் பிறகு ஒரு முழு வடகிழக்குப் பருவமழை, 22,000 கிலோமீட்டர். 2024 நவம்பர் கடைசியில் டெல்டாவில் வயலெல்லாம் மூழ்கின மழையிலும் ஸ்டெப்னி குழியில் விரலை விட்டுப் பார்த்தேன், மாவு மாதிரி காய்ந்திருந்தது. குண்டும் குழியுமான ரோட்டில் டிக்கியிலிருந்து வந்துகொண்டிருந்த கடகட சத்தமும் நின்றது. சத்தம் டிக்கிப் பூட்டிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன், கண்ணாடியே ஆடியிருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தத் தஞ்சாவூர்க் கடைக்கு அஞ்சுக்கு மூணுதான் கொடுப்பேன். காரணம், டிஃபாகரில், அதாவது பனியை விலக்கப் பின் கண்ணாடியில் சூடாகிற மெல்லிய கோடுகளில், கீழிருந்து மூன்றாவது கோடு.

மார்கழியில் விடிகாலை அம்மாவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும்போது, வடுவூர் ஏரிப் பக்கம் பனி கண்ணாடியில் பால் ஊற்றிய மாதிரி படியும். டிஃபாகரைப் போட்டால் கோடு கோடாகத் தெளிந்து வரும், எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. மூன்றாவது கோடு மட்டும் பாதி தூரம் தெளிந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட் சரியாக அந்த மங்கின பட்டையில்தான் விழும். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக மின்சாரம் எடுப்பதால் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை வண்டித் தகரத்தில் (கிரவுண்டில்) வைத்து, மறு முனையைக் கோட்டின் மேல் நகர்த்திப் பார்த்தேன். நல்ல கோட்டில் வோல்ட் படிப்படியாக மாறும். இதில் ஓரிடத்தில் 12-லிருந்து நேராகப் பூஜ்யம். குனிந்து பார்த்தால் அங்கே மயிரிழை அளவு பிளேடு கீறல்.

சிலிகான் சுரண்டும்போது பட்டது என்று நான் சொல்கிறேன். முதல் கடையிலேயே பட்டிருக்கும் என்கிறார் அவர். இருக்கலாம். ஆனால் வண்டியைக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை சுவிட்சைப் போட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அவ்வளவு நுணுக்கமான வேலைக்காரர் அதை எப்படி விட்டார் என்பதுதான் ஆறவில்லை. மின்சாரம் கடத்துகிற வெள்ளிப் பெயின்ட் வாங்கி நானே தொட்டு வைத்தேன், மூன்று வாரம் வேலை செய்தது, துடைக்கும்போது உரிந்துவிட்டது. ஒட்டும் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, மூன்று மார்க் நியாயமில்லை என்றும் தெரியும். ஆனாலும் மூன்றுதான்.

முதல் கடைக்கு இப்போதும் போகிறேன். கதவுக் கண்ணாடிக்குப் பசை கிடையாது, ரப்பர் பள்ளத்தில் ஏறி இறங்குவது. போன மாதம் டிரைவர் பக்கக் கண்ணாடி சிக்கியபோது அவரிடம்தான் விட்டேன், அருமையாகச் செய்தார். பின் கண்ணாடி விஷயத்தை அவரிடமே நேரில் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

தம்பியிடம் சொன்னது இதுதான்: தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி, மழையில் எடுக்காமல், மெதுவாக ஓட்டு. டிக்கிக் கதவின் உள் உறையைக் கழற்றிச் சில்லை முழுக்க எடுத்துவிடு. வியாழக்கிழமை தஞ்சாவூர் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், நானும் கூட வருகிறேன். மல்டிமீட்டரைப் பையில் எடுத்து வைத்தாயிற்று. சாவியை வாங்குவதற்கு முன் ஒவ்வொரு கோடாகப் பார்த்துவிட்டுத்தான் பணம்.