வீடு காட்டியவர் யாருடைய ஆள்? குன்னூரில் ஒரு புரோக்கர் அனுபவம் (5க்கு 1½)

அருவங்காடு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் 31 வருடம் இருந்துவிட்டோம். ரிட்டயர் ஆனதும் காலி செய்ய வேண்டும், கீழே கோயம்புத்தூர் வெயிலுக்கு இறங்க மனைவிக்கு இஷ்டமில்லை. குன்னூர் பக்கமே ஒரு சின்ன வீடு என்று முடிவு செய்து, தெரிந்தவர் சொன்ன ஒரு புரோக்கரைப் பிடித்தோம். பெயர் வேண்டாம்.

குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. மனிதர் சுறுசுறுப்பு. சொன்ன நேரத்துக்கு ஜீப்போடு பெட்ஃபோர்டில் நிற்பார். மூன்று வாரத்தில் ஒன்பது வீடு காட்டினார். விசிட்டிங் கார்டில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணெல்லாம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நானும் நிம்மதியானேன். பதிவான புராஜெக்டில் மனையோ ஃபிளாட்டோ விற்றுக் கொடுக்கும் ஏஜென்டுக்குத்தான் 2016 சட்டப்படி அந்தப் பதிவு கட்டாயம் என்பதும், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஓட்டு வீடுகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

எடப்பள்ளி பக்கம் ஒரு வீடு மனதுக்குப் பிடித்தது. 45 லட்சம் சொன்னார்கள். "40ல் ஆரம்பிங்க, ரொம்ப இழுத்தா 43 வரைக்கும் போறேன், அதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றேன். "என்ன சார், நான் உங்க ஆளு" என்றார். இரண்டாம் முறை பார்க்கப் போன அன்று நல்ல மஞ்சு. பத்தடியில் நிற்பவர் தெரியவில்லை. நான் தடுப்புச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். மஞ்சுக்குள்ளிருந்து அவர் குரல்: "அண்ணே, பார்ட்டி 43க்கு வந்துடுவாரு. கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க." அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் போன் செய்து, 43க்குக் கீழே ஒரு ரூபாய் குறையாது என்றார்.

புரோக்கரிடம் கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் 2 பர்சன்ட் சார், ஊர் வழக்கம்தானே" என்று சிரித்தார். வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி பேப்பரில் கணக்குப் போட்டேன். 43 லட்சத்துக்கு முடிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து அவருக்கு 1,72,000. எனக்காக மல்லுக்கட்டி 40க்குக் கொண்டுவந்தால் 1,60,000. எனக்கு 3 லட்சம் மிச்சம், அவருக்கு 12,000 நஷ்டம். அவர் ஏன் மல்லுக்கட்டுவார்?

அதற்கப்புறம் அவர் சொன்ன எல்லாவற்றையும் வேறு காதோடு கேட்க ஆரம்பித்தேன். "மேல ரெண்டு மாடி எடுத்துக்கலாம் சார்" என்றிருந்தார். நீலகிரியில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போக முடியாது என்பது இங்கே டீக்கடையில்கூடத் தெரியும்! முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம் தனியாக வேண்டும் என்பதைக் கடைசி வரை வாய் திறக்கவில்லை. பின்பக்க அறையில் மட்டும் புது பெயின்ட் வாசனை. என் மனைவி பீரோவை ஒரு சாண் நகர்த்தச் சொல்லிக் கை வைத்துப் பார்த்தாள், சுவர் ஜில்லென்று நனைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால் பன்னிரண்டடி தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டைகூட இல்லை. 2009 நவம்பரில் இந்த மலை சரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அடுத்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு புரோக்கர் அம்மா. முதல் நாளே, "அண்ணா, எனக்கு யார் காசு கொடுக்கிறாங்கன்னு முதல்ல பேசிக்கலாம்" என்றார். வாங்கித் தந்தால் 50,000, விலை எதுவானாலும் அதேதான். விற்பவரிடம் பைசா வாங்கமாட்டேன் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். 30 வருட வில்லங்கச் சான்று எடுத்து, நாங்கள் ஆசைப்பட்ட ஒரு வீட்டில் 2011ல் வைத்த அடமானத்துக்குக் கடன் தீர்ந்த ரசீது பதிவாகவே இல்லை என்று காட்டி, அதை விடச் சொன்னார். அந்த வீடு முடியாததால் அவருக்கும் அன்று வரும்படி இல்லை.

கடைசியில் கட்டபெட்டு தாண்டி ஒரு வீடு, 41 சொன்னது 37½க்கு முடிந்தது. பேரம் பேசும்போது நான் வாயே திறக்கவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவுக்கு 5க்கு 4. ஒரு மார்க் குறைத்தது, மழை நாளில் போனை எடுக்கவே மாட்டார் என்பதற்காக. பத்திரப்பதிவுக்கு முதல் நாளும் மழை.