சின்னத் தொகை போக்கர் டோர்னமென்ட்: எதிரே உட்காருபவர் எவ்வளவு மாறியிருக்கிறார்?

நான் ஆன்லைனில் போக்கர் டோர்னமென்ட் ஆடத் தொடங்கியது 2009-இல். இன்றுவரை நுழைவுத் தொகை பத்து டாலரைத் தாண்டிய ஆட்டத்தில் உட்கார்ந்ததே இல்லை. ஒரே மட்டத்தில் இத்தனை வருடம் இருந்ததால் ஒன்று நன்றாகத் தெரிகிறது. "இப்போ எல்லாருமே நல்லா ஆடுறாங்க, ஜெயிக்க முடியாது" என்று சொல்பவர்கள் பாதிதான் சரி. திறமை ஏறியிருக்கிறது. ஆனால் முதல் இரண்டு சீட்டு கைக்கு வரும் நேரத்தில் ஏறிய அளவுக்கு, கடைசிச் சீட்டு விழும் நேரத்தில் ஏறவில்லை.

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் ஆன்லைன் தகுதி ஆட்டம் வழியாக உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த வருடம் அதில் ஆடியவர்கள் 839 பேர். 2006-இல் 8,773 பேர். அந்த அலை நான் வந்தபோதும் ஓயவில்லை. ஒரு கைக்கு நான்கு பேர் சும்மா பிளைண்டை (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய தொகைகளில் பெரியதை) மட்டும் கட்டிவிட்டு ஃப்ளாப், அதாவது நடுவில் விழும் முதல் மூன்று சீட்டு, பார்க்க வருவார்கள். ஏஸ் ஒன்று இருந்தால் போதும், முதல் கையிலேயே ஆல்-இன், அதாவது இருக்கும் சிப்ஸ் முழுவதும் உள்ளே. நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கும் பொறுமை மட்டும் இருந்தாலே அன்று லாபம் பார்க்கலாம்.

2011 ஏப்ரல் 15 அன்று மூன்று பெரிய தளங்களை நடத்தியவர்கள் மீது அமெரிக்காவில் வழக்கு வெளிவந்தது. நான் ஆடிய மேஜைகளில் பொழுதுபோக்குக்கு வரும் அமெரிக்க ஆட்டக்காரர்கள் காணாமல் போனார்கள். ஆட்டம் முதன்முறையாகக் கடினமானது அப்போதுதான். 2015 வாக்கில் எந்தச் சூழலில் எப்படி ஆடுவது சிறந்தது என்று கணக்கிடும் சால்வர் மென்பொருள்கள் சாதாரண ஆட்டக்காரர் கைக்கும் வந்தன. அதுதான் பெரிய மாற்றம். சின்னத் தொகை ஆடுபவர் யாரும் சால்வரை ஓடவிட்டுக்கொண்டு உட்காரவில்லை. அதிலிருந்து வந்த அட்டவணைகள்தான் பரவின. எந்த இடத்தில் உட்கார்ந்தால் எந்தக் கையை வைத்து முதலில் ஏற்றலாம், பத்து பிளைண்ட் மிச்சம் இருக்கும்போது எதை வைத்து ஆல்-இன் போகலாம் என்பதெல்லாம் ஒரு படத்தில் அடங்கிவிட்டது. மனப்பாடம் செய்ய முடிவதை எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

இந்த மாற்றம் என்னைத்தான் முதலில் அடித்தது. ஒரு வருடம் முழுக்க நஷ்டம். சீட்டு சரியில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பழைய கைகளை உட்கார்ந்து திரும்பப் பார்த்தபோதுதான் புரிந்தது: எதிராளிகள் மூன்று பிளைண்டுக்குப் பதிலாக இரண்டு பிளைண்டுக்கே பந்தயத்தை ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். நானோ பிக் பிளைண்டில் (பெரிய பிளைண்டைப் போடும் இடத்தில்) இருந்துகொண்டு பழையபடி எல்லாவற்றையும் ஃபோல்ட் செய்து, அதாவது கையை விட்டு, கொண்டிருந்தேன். கணக்கு எளிது. அவர் போட்டது இரண்டு, ஸ்மால் பிளைண்ட் அரை, என்னுடையது ஒன்று, ஆன்ட்டே (எல்லாரும் கட்டாயமாகப் போடும் சிறு தொகை) எல்லாம் சேர்ந்து சுமார் ஒன்று. நடுவில் நாலரை கிடக்க, நான் கட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. ஜெயிக்க சுமார் 18 சதவீத வாய்ப்பு இருந்தாலே கட்டலாம். ஒரே சின்னத்தில் ஒன்பது ஆறு வந்தால்கூட விடக் கூடாத இடம் அது.

அப்புறம் ரிவர், அதாவது அந்தக் கடைசிச் சீட்டு. இங்கே கதை வேறு. சமீபத்திய ஒரு கை அப்படியே நினைவில் நிற்கிறது. பிக் பிளைண்டில் என்னிடம் ஜாக், பத்து. எதிராளி பட்டனுக்கு (சீட்டுப் பிரிப்பவரின் இடத்துக்கு) முந்தைய இடத்திலிருந்து அளவாக ஏற்றினார். ஃப்ளாப் ஏஸ், ஒன்பது, எட்டு. நடுவில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு கட்டினார், புத்தகத்தில் இருப்பது போல. டர்னில், அதாவது நான்காவது சீட்டாக, மூன்று விழுந்ததும் பெரிதாகக் கட்டினார். ரிவரில் ஏழு. எனக்கு ஏழு முதல் ஜாக் வரை வரிசையாக ஐந்து சீட்டு, ஸ்ட்ரெய்ட் ஆகிவிட்டது. நான் செக் செய்தேன் (எதுவும் கட்டாமல் விட்டேன்), அவர் மறுபடி கட்டினார், நான் ஆல்-இன். கடிகாரம் கடைசி நொடி வரை ஓடியது. அவர் கட்டிவிட்டார். அவரிடம் இருந்தது ஏஸ், கிங். சின்னத் தொகை ஆட்டத்தில் ரிவரில் செக் செய்துவிட்டு ஆல்-இன் வைப்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, அதாவது நல்ல கை இல்லாமல் மிரட்டுவதில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் அவ்வளவு நேரம் யோசித்தார். ஆனாலும் ஏஸ் ஜோடியை விட மனசு வரவில்லை. 2009-இல் எதிரே இருந்தவருக்கும் வரவில்லை.

பணம் கிடைக்கும் எல்லைக்கு அருகிலும் இதே நிலைதான். ஒன்பது பத்து பேர் ஆடும் சின்ன ஆட்டங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பத்துப் பேர் ஆடி, பரிசு 50, 30, 20 சதவீதமாகப் பிரியும் ஆட்டத்தில் ஆரம்பத்தில் மொத்தப் பரிசில் உங்கள் சிப்ஸின் பங்கு 10 சதவீதம். ஒருவரை வெளியேற்றி சிப்ஸை இரட்டிப்பாக்கினால் பங்கு 20 ஆகாது, சுமார் 18.4தான் ஆகும். அதாவது இழக்கும் சிப்ஸ், ஜெயிக்கும் சிப்ஸைவிட விலை கூடியது. பரிசுக்கு நெருங்க நெருங்க இந்த வித்தியாசம் பெருகும். ஆல்-இன் அட்டவணை தெரிந்தவர்கள்கூட, நடுத்தர ஸ்டாக் (சிப்ஸ் குவியல்) வைத்துக்கொண்டு பெரிய ஸ்டாக்கோடு மோதி, பரிசுக்கு ஒரு இடம் முன்னால் வெளியே போவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. திறமை வருடத்துக்கு வருடம் மட்டுமல்ல, ஒரே ஆட்டத்துக்குள் மணிக்கு மணியும் மாறுகிறது. தொடக்கத்திலேயே வந்து உட்காருபவர்களில் விளையாட்டாக ஆடுபவர்கள் அதிகம். ஆட்டம் தொடங்கிய பிறகும் திறந்திருக்கும் பதிவு மூடும் நேரத்தில் நுழைபவர்கள் பெரும்பாலும் பத்து மேஜையைத் திறந்து வைத்திருக்கும் தொடர் ஆட்டக்காரர்கள். அவர்கள் வரும்போது மேஜையின் வேகமே மாறிவிடும். 2020-இல் வீட்டில் அடைபட்ட நாட்களில் புதியவர்கள் குவிந்ததால் சில மாதம் பழைய காலம் திரும்பியது போலவே இருந்தது. அதுவும் நிற்கவில்லை. தங்கியவர்கள் அட்டவணைகளைக் கற்றுக்கொண்டார்கள், மற்றவர்கள் போய்விட்டார்கள்.

ஆயிரம் பேர் ஆடும் டோர்னமென்ட்டில் நூறு ஆட்டத்தின் கணக்கை வைத்துத் தன் திறமையை எடைபோட முடியாது. ஆயிரக்கணக்கில் ஆடினால்தான் ஓரளவு தெரியும். அதனால் இப்போது லாப நஷ்டத்தைவிட ரிவர் முடிவுகளைத்தான் குறித்து வைக்கிறேன். ஆட்டம் தொடங்கும் நிமிடத்திலேயே நுழைகிறேன். முதல் ஒரு மணி நேரம் வேறு மேஜை எதையும் திறப்பதில்லை. யார் எந்தக் கையை விட முடியாமல் கட்டுகிறார் என்று பார்த்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுகிறேன். அந்த ஏஸ், கிங் ஆட்டக்காரருக்கு எழுதியது இது: "ரிவரில் விட மாட்டார். பொய் வேண்டாம்."