பழைய ஃபியட்டுக்கு ஏசி பம்பா, எலெக்ட்ரிக் பம்பா?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயில் போனது, அடுத்ததும் போனது. கேட்டைத் திறந்தபோது எங்கள் பழைய ஃபியட் கார், பிரீமியர் பத்மினி, கிளம்பவில்லை. மே மாதத்து மத்தியான வெயில், பின்னால் வரிசையாக ஹாரன். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, கால் மணி நேரம் கழித்துச் செல்ஃப் அடித்த பிறகுதான் உயிர் வந்தது. அதற்கு முன்பே இரண்டு தடவை பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரைக் கழற்றிச் சர்வீஸ் செய்தாகிவிட்டது.

வண்டி வைத்திருக்கும் நண்பர்களைக் கேட்டால் மூன்று வழி சொல்வார்கள்: கார்பரேட்டரை இன்னொரு முறை கழுவு, ஏசி பம்புக்கு (ஏர் கண்டிஷனர் இல்லை, இன்ஜினே இயக்கும் பழைய பெட்ரோல் பம்பு) கிட், அதாவது உள்பாகங்களின் செட், போடு, இல்லையென்றால் எலெக்ட்ரிக் பம்பு மாட்டிவிடு. மூன்றிலும் நல்லது உண்டு. ஆனால் பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் எதிலும் காசு போடக் கூடாது.

கார்பரேட்டரை முதலில் பார்த்துவிடலாம், அதற்கு ஐந்து நிமிடம் போதும். இன்ஜின் நின்றவுடன் ஏர் கிளீனரைக் கழற்றி, திராட்டில் லிவரைக் கையால் இழுங்கள். உள்ளே மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்சினால், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் இருக்கிறது. கோளாறு ஜெட்டிலோ (பெட்ரோல் போகும் சின்னத் துளை) தீப்பொறி தரும் இக்னிஷனிலோ இருக்கலாம். ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் பெட்ரோலே மேலே வந்து சேரவில்லை. அப்போது ஜெட்டை எத்தனை முறை ஊதினாலும் பயனில்லை. நான் இரண்டு தடவை செலவு செய்தது இதைப் பார்க்காததால்தான்.

அடுத்தது பம்பு. தீப்பொறி வராமல் இருக்க, இக்னிஷன் காயிலிலிருந்து வரும் நடு ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் டியூபை ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் கூடாது. விட்டு விட்டு நல்ல வீச்சோடு பெட்ரோல் விழுந்தால் பம்பு சரி. சொட்டினால், பம்பின் உறிஞ்சும் பக்கத்து டியூபைத் தனி கேனில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது நன்றாக வந்தால் பம்பின் மேல் பழி போடாதீர்கள். டேங்க், பைப், மூடியின் காற்றுத் துளை, இவற்றில் ஒன்று அடைத்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் துரு சகஜம். ஃபில்டர் ஒரே வாரத்தில் செம்மண் நிறமானால் டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேனிலிருந்தும் சொட்டுத்தான் என்றால் ஏசி பம்புக்குக் கிட். கேம் ஷாஃப்ட் இயக்கும் இந்தப் பம்பின் உயிரே டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடுதான். அது கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. பழைய கிட்டின் ரப்பர் அதைத் தாங்குவது கஷ்டம். சென்னையின் வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்கும்போது எத்தனாலுக்கு ஏற்ற டயாஃப்ரமா என்று கேட்டே வாங்குங்கள். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள தடித்த பேக்கிங்கை அப்படியே திருப்பிப் போட வேண்டும். இன்ஜின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான்.

எலெக்ட்ரிக் பம்பின் பெரிய லாபம், நின்றுபோன வண்டியில் தெரியும். வாரக்கணக்கில் நின்றால் ஃப்ளோட் அறைப் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஏசி பம்பு அதை நிரப்ப நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டும். எலெக்ட்ரிக் பம்போ சீக்கிரமே நிரப்பிவிடும். டேங்க் பக்கத்தில் வைத்தால் பைப்பிலுள்ள பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும், அதனால் வெயிலில் ஆவிக்குமிழி கட்டுவதும் குறையும்.

ஆனால் கவனக்குறைவாகச் செய்தால் ஆபத்தும் இதில்தான். கார்பரேட்டருக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் வண்டியின் பம்பைப் போட்டால் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தள்ளும். ஃப்ளோட் அறைக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு தாங்காமல் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழியும். விபத்தில் இன்ஜின் நின்றால் ஏசி பம்பும் நின்றுவிடும், எலெக்ட்ரிக் பம்பு நிற்காது. ஆயில் பிரஷர் விழுந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்சோடு சேர்த்துத்தான் மாட்ட வேண்டும். பழைய பம்பை வழியிலேயே விட்டு, இதையும் சேர்த்து மாட்டும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருந்தால் எலெக்ட்ரிக் பம்பு இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் சம்பை நேராகப் பெட்ரோலால் நிரப்பும். பழையதைக் கழற்றி, ஓட்டையைப் பிளேட் போட்டு மூட வேண்டும்.

தினமும் தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை ஓடும் வண்டிக்கு நான் கிட்டையே சொல்வேன். எப்போதாவது வெளியே எடுக்கும் வண்டிக்கு, சுவிட்சோடு எலெக்ட்ரிக்.

என் ஃபியட்டுக்குக் கிட்டும் புது டியூபும் போட்டேன். டயாஃப்ரம் தளர்ந்து போயிருந்ததால்தான் வெயிலில் கட்டிய ஆவியைத் தள்ளப் பம்புக்குத் தெம்பில்லை என்று, கழற்றிய பிறகு தெரிந்தது. இப்போது அதே கேட்டில், அதே வெயிலில் நின்றாலும் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்து ஒருமுறை முகர்ந்து பார்க்கிறேன்.