லிப்-ஐஐஓ: சென்சார் டேட்டா எடுக்கறவங்களுக்கு ஒரு லைப்ரரி ரிவ்யூ

சென்சார் சிப் மாறும்போதெல்லாம் டேட்டா எடுக்கற கோடையும் முதல்லேருந்து எழுதிட்டு இருக்கீங்கன்னா இதைப் படிங்க. லிப்-ஐஐஓ-ங்கறது அனலாக் டிவைசஸ் கம்பெனி ஓப்பன் சோர்ஸா வெளியிட்ட ஒரு சி லைப்ரரி, லைசென்ஸ் எல்ஜிபிஎல், பைத்தான்லேருந்தும் கூப்பிடலாம். லினக்ஸ் கெர்னல்ல 2009லேருந்தே இருக்கற ஐஐஓ-ங்கற (இண்டஸ்ட்ரியல் ஐ/ஓ, சென்சார் டிரைவர்களுக்கான) பகுதி மேல தான் இது உக்காந்திருக்கு, அதனால அந்தக் கம்பெனி சிப் மட்டும் தான் ஓடும்னு நினைச்சுடாதீங்க, கெர்னல்ல ஐஐஓ டிரைவர் இருக்கற எந்த சிப்பா இருந்தாலும் சரி.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இந்த லைப்ரரிக்கு எந்த சிப்பைப் பத்தியும் எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. கான்டெக்ஸ்ட் (ஒரு போர்டோட கனெக்‌ஷன்), அதுக்குள்ள டிவைஸ் (சிப்), டிவைஸுக்குள்ள சேனல் (ஒரு அளவு), சேனலுக்கு அட்ரிபியூட் (அதோட மதிப்பு, செட்டிங்), அவ்வளவு தான் அமைப்பு. என்கிட்ட என்னென்ன சேனல் இருக்கு, எத்தனை பிட், என்ன ஸ்கேல்னு டிரைவரே சொல்லிடுது. ஏடிஎக்ஸ்எல்345 ஆக்சிலரோமீட்டரையும் பிஎம்பி280 பிரஷர் சென்சாரையும் ஒரே லூப்ல பட்டியல் போடலாம், நடுவுல ஒரு 'இஃப்' கூட வேண்டாம். சிப்புக்கு ஒரு கிளாஸ்னு எழுதி வெச்சிருக்கற லைப்ரரிகளைப் பார்த்துட்டு இதைப் பார்த்தா எவ்வளவு நிம்மதின்னு எழுதிப் பார்த்தவங்களுக்குப் புரியும்.

அடுத்தது யூனிட். சேனல்லேருந்து வர்ற ரா நம்பரோட (சிப் குடுக்கற மாத்தாத எண்) ஆஃப்செட்டைக் கூட்டி ஸ்கேலால பெருக்கினா நிஜ அளவு வந்துடும். 3.3 வோல்ட் ரெஃபரன்ஸ் உள்ள 12 பிட் ஏடிசின்னா (வோல்டேஜை நம்பராக்கற சிப்) ஸ்கேல் கிட்டத்தட்ட 0.8057, ரா 2048 வந்தா அது 1650 மில்லிவோல்ட். வோல்டேஜ் மில்லிவோல்ட்ல, டெம்பரேச்சர் மில்லி டிகிரி செல்சியஸ்ல, ஆக்சிலரேஷன் மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர்ல, பிரஷர் கிலோபாஸ்கல்ல, இதெல்லாம் கெர்னல் ஆவணத்துலயே எழுதி வெச்ச விதி, டிரைவர் எழுதறவர் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா யூனிட்டை கமென்ட்ல மட்டும் எழுதி வெச்ச கோடை ஆறு மாசம் கழிச்சு வேற ஒருத்தர் எடுத்து ஓட்டும்போது தான் இதோட அருமை தெரியும்.

பஃபர்ல (சாம்பிள்களைச் சேர்த்து வெக்கற இடம்) மொத்தமா வர்ற டேட்டாவுக்கும் இதே ஒழுங்கு தான். 16 பிட் இடத்துல 12 பிட் டேட்டா, 4 பிட் தள்ளி உக்காந்திருக்கு, பிளஸ் மைனஸ் சைன் உண்டு, லிட்டில் எண்டியன் (சின்ன பைட் முதல்ல), இவ்வளவையும் டிரைவர் ஒரு குட்டி வரியில சொல்லிடும், லைப்ரரியோட கன்வர்ட் ஃபங்ஷன் அதைப் படிச்சு சரியான இன்டிஜராக்கிக் குடுத்துடும். பிட் ஷிஃப்ட்டை கையால எழுதற வேலையே இல்ல.

நெட்வொர்க் பத்தி சொல்லியே ஆகணும். போர்டுல ஐஐஓடி-ன்னு ஒரு சர்வீஸ் ஓடும், 30431 போர்ட்ல. லேப்டாப்ல இருக்கற புரோகிராம்ல முகவரியை மட்டும் மாத்தினா போதும், லோக்கல், ஐபி, யுஎஸ்பி, சீரியல் எல்லாத்துக்கும் அதே கோட். ஆனா வழி மறைஞ்சிருக்கே தவிர அதுக்கு ஆகற நேரம் மறையல, ரா அட்ரிபியூட்டை ஒவ்வொண்ணா நெட்வொர்க் வழியா படிச்சா ஒவ்வொரு தடவையும் போய் வர்ற நேரம் ஆகும், வேகமா சாம்பிள் வேணும்னா பஃபர் தான் ஒரே வழி. இதை டாக்குமென்டேஷன் முதல் பக்கத்துலயே பெருசா எழுதியிருக்கணும்னு நினைக்கறேன்.

இனி குறை. அட்ரிபியூட்டை எல்லாம் பேரை வெச்சு ஸ்ட்ரிங்கா தான் கூப்பிடணும், ஒரு எழுத்து தப்பினாலும் கம்பைலர் கண்டுக்காது, ஓடும்போது தான் தெரியும். சாதாரண ஸ்லோ சென்சார்ல பஃபர் வேணும்னா பெரும்பாலும் ட்ரிக்கர் (எப்போ சாம்பிள் எடுக்கணும்னு சொல்ற சிக்னல்) தனியா செட் பண்ணணும், புதுசா வர்றவங்க முதல்ல தடுக்கி விழற இடம் இது தான். டைம்ஸ்டாம்ப் சேனல் நானோசெகண்ட்ல வரும், ஆனா நிறைய டிரைவர்ல அது இன்டரப்ட் (சிப் கெர்னலைக் கூப்பிடற சிக்னல்) வந்தப்போ கெர்னல் குறிச்ச நேரம், சென்சார் அளந்த அந்த நொடி இல்ல. வைப்ரேஷன் மாதிரி ஃபேஸ் (அலையோட கட்டம்) முக்கியமான வேலைன்னா நானோசெகண்ட்ங்கற பேரைப் பார்த்து நம்பிடாதீங்க.

என் பார்வையில பெரிய குறை, 1.0க்கு முந்தின 0.x பதிப்புகளோட ஏபிஐல (கோட்ல கூப்பிடற ஃபங்ஷன்கள்) நடுவுல சாம்பிள் விட்டுப்போச்சான்னு எல்லா டிவைஸுக்கும் பொதுவா கேக்க ஒரு வழி இல்ல. டேட்டா அக்விசிஷன் லைப்ரரி ஒண்ணு டிசைன் பண்றவங்க வேற எதை விட்டாலும் இதை விடக்கூடாது, ஏன்னா தப்பான நம்பர் வந்தா கிராஃப்ல கண்ணுல படும், காணாமப் போன சாம்பிள் படவே படாது, பின்னாடி எடுக்கற எஃப்எஃப்டி (அலைவரிசைகளைப் பிரிச்சுப் பார்க்கற கணக்கு) முழுக்க சத்தமில்லாம கெட்டுப்போகும். டேட்டா அக்விசிஷன் கார்டுகளுக்கான பழைய கொமெடி (Comedi) லைப்ரரில ஒரு நல்ல பழக்கம் உண்டு, ரீடிங் ரேஞ்சோட ஓரத்தை முட்டினா வோல்டேஜுக்குப் பதிலா 'நாட் எ நம்பர்' குடுத்துடும். அந்த மாதிரி நேர்மை இங்கயும் வந்தா நல்லாயிருக்கும்.

1.0க்காக ஏபிஐயை நிறைய மாத்தியிருக்காங்க, டேட்டா எடுக்கற பழைய 'பஃபர் ரீஃபில்' ஃபங்ஷன் போய் 'பிளாக்', 'ஸ்ட்ரீம்'னு வந்திருக்கு. புது அமைப்பு தெளிவா இருக்கு, ஆனா பழைய கோட் அப்படியே ஓடாது, பதிப்பைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஆசிலோஸ்கோப், மல்டிமீட்டர் மாதிரி கமாண்ட் அனுப்பிப் பேசற கருவிக்கு இது ஒத்துவராது, அதுக்கு பைவிசா-ங்கற (PyVISA) பைத்தான் லைப்ரரி எடுத்துக்கங்க. போர்டுல சென்சாரை மாட்டினதும் கோட் எழுத உக்காராதீங்க, லைப்ரரியோட வர்ற ஐஐஓ இன்ஃபோ (iio_info) கமாண்டை முதல்ல ஓட்டுங்க, உங்க சேனல்ல ஸ்கேல் இருக்கா, பஃபர்ல வருமா, ட்ரிக்கர் எதாவது இருக்கான்னு அங்கயே பாதி பதில் கிடைச்சுடும்.