சிம்சிட்டி 4-ம் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸும்: பல வருஷம் ஊர் கட்டிய அனுபவம்

இரண்டும் ஊர் கட்டும் கணினி விளையாட்டுகள். மேக்ஸிஸ் நிறுவனத்தின் சிம்சிட்டி 4 வந்தது 2003-ல். ஃபின்லாந்தின் கலோசல் ஆர்டர் என்ற சிறிய குழு சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸைக் கொண்டுவந்தது 2015-ல். பெயரிலோ உரிமையிலோ ஒட்டு உறவு இல்லை. ஆனாலும் பழையதில் கைபழகியவர் புதியதைத் திறந்தால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த நிலம் எதற்கு என்று ஒதுக்கும் நிறங்களைப் பாருங்கள்: பச்சை குடியிருப்பு, நீலம் வணிகம், மஞ்சள் தொழிற்சாலை. எல்லாம் அதே நிறம்.

இரண்டையும் பல வருஷமாக மாறி மாறி விளையாடுகிறேன். எனக்குத் தெரிந்தவரை ஒரே பெரிய வித்தியாசம்தான்: பழையதில் நம் கையைக் கட்டிப்போடுவது பணம், புதியதில் சாலை.

சிம்சிட்டி 4-ல் ஒரு பள்ளியைக் கட்டியதுமே அதைக் கிளிக் செய்து, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி நிதியைக் குறைக்க வேண்டும். அப்படியே விட்டால் கஜானா கரையும். ரொம்பக் குறைத்தால் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள். மருத்துவமனைக்கும் இதே கதைதான். ஊர் வளர வளர மறுபடி ஒவ்வொன்றாகப் போய் ஏற்ற வேண்டும். இது சலிப்பான வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதில்தான் ருசி. அரும்பாடுபட்டு மிச்சம் பிடித்த காசில் முதல் உயர்நிலைப் பள்ளி எழும்பும்போது வரும் சந்தோஷம் ஸ்கைலைன்ஸில் எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அங்கே ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் பணம் தானாகச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

சரி, ஸ்கைலைன்ஸுக்கு வருவோம். அதில் ஒவ்வொரு லாரிக்கும் போய்ச் சேர ஓர் இடம் உண்டு, கிளிக் செய்தால் தெரியும். எங்கே திரும்ப வேண்டுமோ அதற்கான லேனை வண்டிகள் வெகு முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு மூன்று லேன் போட்டிருப்பேன், இரண்டு காலியாகக் கிடக்கும், மூன்றாவதில் லாரிகள் ஹைவே வரை வால் நீட்டி நிற்கும். குப்பை வண்டியும் அமரர் ஊர்தியும் அந்த வரிசையிலேயே மாட்டிக்கொள்ளும். வீட்டில் பிணம் கிடக்க, ஆட்கள் ஊரைக் காலி செய்வார்கள். சாலையை இன்னும் அகலமாக்கிப் பயனில்லை என்று புரிய எனக்குப் பல ஊர்கள் தேவைப்பட்டன. தொழிற்பேட்டைக்கு ஹைவேயிலிருந்து தனி வழி வெட்டிவிட்ட அன்று அந்த வால் கண்ணெதிரே கரைந்தது.

தண்ணீரும் அப்படித்தான். நதி உண்மையாகவே ஓடுகிறது. கழிவுநீர்க் குழாயை மேல்பக்கம் வைத்துவிட்டுக் கீழ்ப்பக்கம் குடிநீர் பம்ப் வைத்தால் ஊரே நோயில் படுக்கும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: பெரிய குடியிருப்பு ஒன்றை ஒரே நாளில் திறக்காதீர்கள். ஏறக்குறைய ஒரே வயதில் குடிவருபவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இறப்பார்கள். எத்தனை சுடுகாடு கட்டினாலும் ஈடுகட்ட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதே நல்லது.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஸ்கைலைன்ஸையே சொல்வேன். வளைவுச் சாலை ஒன்றே போதும், சிம்சிட்டியின் கட்டம் போட்ட தரைக்குத் திரும்ப மனசு வராது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் பல ஊர்களை வளர்த்து, ஒன்றின் குப்பையை இன்னொன்றுக்குக் காசு கொடுத்து அனுப்பும் அந்தப் பிராந்திய ஆட்டம் வேண்டுமென்றால் சிம்சிட்டி 4-தான். ரஷ் ஹவர் விரிவாக்கமும் சேர்ந்த பதிப்பாகப் பார்த்து எடுங்கள். சாலை, ரயில் வசதிகளைக் கூட்ட ரசிகர்கள் உருவாக்கிய நெட்வொர்க் ஆட்-ஆன் மோடு என்ற இணைப்பு நிரல் அதில்தான் வேலை செய்யும், அது இல்லாமல் நான் இப்போது ஒரு ஊர்கூடத் தொடங்குவதில்லை.